காண்ட்ராக்டர் வைக்காமல் சீர்செய்த காரைக்குடி வாடகை வீடு: மூன்று வருஷத்துக்குப் பின்

அப்பத்தா விட்டுப்போன ஓட்டு வீட்டை வாடகைக்கு விடலாமென்று, பொங்கல் கழிந்ததும் வேலையைத் தொடங்கினேன். மொத்தக் காண்ட்ராக்ட் பேச வந்தவர்கள் எல்லாருமே ஓட்டைப் பிரித்து கான்கிரீட் போடச் சொன்னார்கள். எனக்கு மனசு வரவில்லை. கொத்தனார், ஆசாரி, எலக்ட்ரீஷியன், பிளம்பர் நாலு பேரையும் தனித்தனியாகப் பேசினேன். ஆள்கணக்கு நோட்டு போட்டு, சனிக்கிழமை சாயங்காலம் நானே சம்பளம் கொடுத்தேன்.

இரண்டு மாசம் என்று நினைத்த வேலை ஐந்து மாசம் இழுத்தது. மாசியில் முத்துமாரியம்மன் கோயிலுக்குக் காப்புக் கட்டிய ஆட்கள் பால்குடம் முடிந்துதான் திரும்பினார்கள். இந்தப் பக்கம் வேலை வைப்பவர்கள் அந்த நாட்களை முதலிலேயே கழித்துவிடுங்கள்.

காசு அதிகம் போனது வரிசை தப்பியதில். எலக்ட்ரீஷியன் வருவதற்கு முன்பே கொத்தனாரைப் பூசச் சொல்லிவிட்டேன். காய்ந்த பூச்சில் காடி வெட்டி பைப் பதித்து, மறுபடி பூசினோம். ஓடு, மரவேலை, ஒயரிங் பைப், தண்ணீர்க் குழாய் எல்லாம் முடிந்த பிறகுதான் பூச்சு. அதன்பின் தரை, கடைசியில் பெயிண்ட்.

சமையலறைச் சுவரின் அடியில் பழைய காரை உதிர்ந்திருந்தது. “சுண்ணாம்பே பூசுவோம் தம்பி, சிமெண்டு ஈரத்த உள்ளயே புடிச்சு வச்சுக்கும்” என்றார் கொத்தனார். நாளாகுமே என்று நான் சிமெண்டுக்குப் பிடிவாதம் பிடித்தேன். முதல் ஐப்பசி மழையிலேயே உப்புப் பூத்தது. அடுத்த வருஷம் விரலால் தட்டினால் உள்ளே பொள்ளென்று கேட்டது. பூச்சு பத்தை பத்தையாகக் கழன்றது. பக்கத்து அறையில் அவர் சுண்ணாம்பு பூசிய சுவர் இன்றைக்கும் கெட்டியாக நிற்கிறது. போன கோடையில் சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு அங்கேயும் சுண்ணாம்பு பூசினோம்.

முகப்பில் பதித்த ஆத்தங்குடிக் கல் எனக்குப் பெரிய சந்தோஷம். சூளையில் சுடாமல், கண்ணாடிமேல் வண்ணச் சிமெண்டை ஊற்றி, தண்ணீரில் ஊறவைத்து எடுக்கும் கல் அது. நடக்க நடக்கப் பளபளப்பு ஏறுகிறது. குடியிருந்தவர்கள் ஒரு மூலையில் ஆசிட் ஊற்றிக் கழுவியதில் அந்த இடம் மட்டும் வெளுத்துவிட்டது. நான் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும். இப்போது சாவி கொடுக்கும்போதே, வெறும் தண்ணீரில் துடையுங்கள், எப்போதாவது துளி தேங்காய் எண்ணெய் போதும் என்று சொல்லிவிடுகிறேன்.

அடுத்து கிணற்றடி வேலை. அதே கொத்தனாரிடம் சித்திரைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன். எலக்ட்ரீஷியனை அவருக்கு ஒரு வாரம் முந்தி வரச் சொல்லியாயிற்று.