பாங்கு ஒலிக்கும் பெட்டி: டர்பனில் மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

2022ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் ஓவர்போர்ட் பகுதிக்குக் குடிவந்த முதல் வாரத்திலேயே, எங்கள் தெருவிலுள்ள முஸ்லிம் வீடுகள் பலவற்றின் சமையலறையில் ஏறக்குறைய ஒரே மாதிரியான சிறு பெட்டி ஒன்று இருப்பதைக் கவனித்தேன். பார்வைக்குப் பழைய டிரான்சிஸ்டரைப் போலிருக்கும்; ஆனால் நிலையம் மாற்றும் திருகு அதில் கிடையாது. பள்ளிவாசலில் பாங்கு என்னும் தொழுகை அழைப்பைச் சொல்லும் மோதினார் ஒலிவாங்கியைத் திறந்ததும் அது தானாக விழித்துக்கொண்டு பாங்கை ஒலிக்கும், முடிந்ததும் அடங்கிவிடும். இங்கே இதை மஸ்ஜித் ரிசீவர் என்கிறார்கள். காயல்பட்டினத்தில் வளர்ந்த எனக்குப் பாங்கு என்பது காசு கொடுத்துக் கடையில் வாங்கி வரும் பொருளாக அதுவரை தோன்றியதே இல்லை.

பழைய பெயரில் க்ரே ஸ்ட்ரீட் என்றே இன்றும் எல்லோரும் சொல்லும் டாக்டர் யூசுப் டாடூ தெருவில், ஜும்ஆ பள்ளிவாசலுக்கு நடந்து போகும் தொலைவிலுள்ள ஒரு கடையில், எழுநூறு ராண்டுக்குச் சற்றுக் குறைவாகக் கொடுத்து வாங்கினேன். எந்தப் பள்ளிவாசல் என்று கேட்டு, அதன் அலைவரிசையைக் கடைக்காரரே பதித்துத் தந்தார். பள்ளிவாசலில் ஒரு சிறிய ஒலிபரப்பி இருக்கிறது. அதன் அலை சுற்றுவட்டாரத்துக்குப் போதுமானது. டர்பன் மேடும் பள்ளமுமான ஊராதலால், மேட்டின் மறுபக்கத்தில் வீடிருந்தால் இரைச்சல்தான் மிஞ்சும் என்று முன்கூட்டியே எச்சரித்த அந்தக் கடைக்காரரின் நேர்மையை இங்கே குறிப்பிட்டாக வேண்டும்.

கைபேசிச் செயலி இலவசமாகக் கிடைக்கும்போது இது எதற்கு என்று என் கணவர் கேட்டார். செயலி சூரியனைக் கணக்கிட்டு நேரம் சொல்கிறது. பெட்டியோ எங்கள் பள்ளிவாசலின் குரலைக் கொண்டுவருகிறது. மோதினாருக்குச் சளி பிடித்திருந்தால் அதுவும் கேட்கும். மவுத்து (இறப்பு) அறிவிப்பு, பிறை அறிவிப்பு, வெள்ளிக்கிழமைக் குத்பா என்னும் உரை எல்லாம் அதில் வரும். ஒலிவாங்கியை அணைக்க மறந்துவிட்டால், தொழுகை முடிந்த பின் இரு பெரியவர்கள் காரை எங்கே நிறுத்தினோம் என்று பேசிக்கொள்வதும் வரும். இந்த ஊர் பெரும்பாலும் ஹனஃபி என்ற சட்டப்பிரிவின் வழக்கத்தைப் பின்பற்றுவதால் அஸர் என்னும் பிற்பகல் தொழுகைக்கான பாங்கு, ஷாஃபி பிரிவைச் சேர்ந்த எனக்குத் தாமதமாகவே ஒலிக்கிறது; அந்த ஒரு வக்துக்கு மட்டும் செயலியைப் பார்த்துக்கொள்கிறேன். பெண்களுக்குத் தொழ இடம் ஒதுக்காத பள்ளிவாசல்கள் இங்கே பல உண்டு என்பதால் பயானும் (சமயச் சொற்பொழிவும்) குத்பாவும் வீட்டுக்கு வருவது பெரிய வசதிதான்; ஆனால் அதுவே, பெட்டிதான் இருக்கிறதே, இடம் எதற்கு என்று நிர்வாகிகள் சொல்ல ஒரு சாக்காகவும் ஆகிவிட்டது. 2020 பொது முடக்கத்தின்போது பள்ளிவாசல்கள் பூட்டிக் கிடந்த ரமழானில் இந்தப் பெட்டியே தமக்குப் பள்ளிவாசலாக இருந்தது என்று எதிர்வீட்டு ஆன்டி சொல்வார். அந்த ஏப்ரலில் பள்ளிவாசலில் தொழ விலக்குக் கேட்டுப் பிரிட்டோரியா உயர் நீதிமன்றத்துக்குப் போனவர்களின் மனு தள்ளுபடியானது.

குறைகளில் முதலாவது மின்கலம். எட்டு மணி நேரம் தாங்கும் என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருக்கிறது. 2023இன் கடுமையான மின்வெட்டு நாட்களில் மூன்று மணி நேரத்தைத் தாண்டியதில்லை.

இப்படி ஒரு கருவி இருக்கும்போது வெளியே ஒலிபெருக்கி எதற்கு, கேட்க விரும்புகிறவர்கள் வீட்டுக்குள் கேட்டுக்கொள்ளலாமே என்று உடன் பணிபுரியும் ஒருவர் கேட்டார். நல்ல மனத்தோடு கேட்கப்பட்ட கேள்விதான். ஆயினும் அதை ஏற்றுக்கொள்ள என்னால் இயலவில்லை. டர்பனுக்குத் தெற்கே இசிப்பிங்கோ கடற்கரையில் ஒரு மதரஸாவின் எதிரே குடியிருந்தவர் தொடுத்த வழக்கில், பாங்கொலி அவர் வீட்டுக் கட்டடங்களுக்குள் கேட்கவே கூடாது என்று உயர் நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் உத்தரவிட்டது. இஸ்லாத்தின்மீது தமக்கிருந்த வெறுப்பை வழக்குத் தொடுத்தவர் மறைக்கவுமில்லை. நான் வந்து சேர்ந்த ஆண்டின் நவம்பரில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கியது. அண்டை வீட்டார் பொறுத்துக்கொள்ள வேண்டிய அளவை அந்த ஒலி மீறியது என்பது நிறுவப்படவில்லை என்பதே அதன் சாரம். ஒலி எவ்வளவு என்று கேட்பது வேறு, ஒலியே கூடாது என்பது வேறு.

நம் தமிழர்களுக்கு இது அயலான விவகாரமும் அல்ல. டர்பன் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் மூக்குத்தி அணிந்து வந்த தமிழ் இந்து மாணவி ஒருவருக்காக அவருடைய தாயார் நடத்திய வழக்கில், அரசியல் சாசன நீதிமன்றம் 2007இல் அந்த மூக்குத்திக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. மூக்குத்தி சமயக் கட்டாயமா என்பதே எதிர்த்தரப்பின் கேள்வியாயிருந்தது. கட்டாயமான வழக்கத்தைப் போலவே ஒருவர் தாமாக விரும்பிக் கடைப்பிடிக்கும் வழக்கமும் பாதுகாப்புக்குரியது என்று தலைமை நீதிபதி பயஸ் லங்கா எழுதினார். மூக்குத்தியை வீட்டில் அணிந்துகொள், பள்ளிக்கு வரும்போது கழற்றிவிடு என்பதும், பாங்கைப் பெட்டிக்குள் கேட்டுக்கொள், தெருவில் வேண்டாம் என்பதும் ஒரே வாதத்தின் இரு வடிவங்கள்தாம். 2022 கணக்கெடுப்பில் முஸ்லிம்கள் 1.6 சதவீதம் மட்டுமே இருந்த இந்த நாட்டில், மூக்குத்திக்குக் கிடைத்த அந்தச் சொற்கள் பாங்குக்கும் துணை நிற்கின்றன.

இதை நான் உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. கேப் நகரில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியில் இஸ்லாத்தைப் பொது இடத்தில் பின்பற்றுவது தண்டனைக்குரிய குற்றம். 1794இல் தோன்றிய அவ்வல் பள்ளிவாசல் இருந்தும், சமயச் சுதந்திரம் சட்டமாவதற்கு 1804 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வீட்டுக்குள் என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்ற அனுமதி எவ்வளவு குறுகலானது என்பதை அந்த ஊர்க்காரர்கள் நன்கறிவார்கள். அதே நகரில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ் என்ற குடியிருப்புப் பகுதியின் வீடுகளை நிறவெறி அரசு இடித்துத் தரைமட்டமாக்கியபோதும் அங்கே பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் எஞ்சி நின்றன. அவற்றுள் ஒன்றான ஜீனத்துல் இஸ்லாம் பள்ளிவாசலின் பாங்கைக் குறித்து 2019இல் ஒருவர் புகார் கொடுத்தபோது ஊரே கொதித்ததில் வியப்பில்லை.

இவ்வளவும் பேசிவிட்டு என் வீட்டு நிகழ்ச்சி ஒன்றை மறைப்பது முறையாகாது. எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவரைப் பகிர்ந்துகொள்பவை. நான் பெட்டியை அந்தச் சுவரில் மாட்டி, சுபுஹு என்னும் வைகறைத் தொழுகைக்குத் தவறாமல் எழ வேண்டுமென்று ஒலியை முழுவதும் திருப்பி வைத்திருந்தேன். சுவரின் மறுபுறம் இருப்பவர், கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பத்தில் பிறந்த தமிழ்ப் பெண்மணி. மருத்துவமனையில் செவிலியாக மாலைப்பணி முடித்து நள்ளிரவுக்கு மேல் வந்து படுப்பவர். ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வாசலில் நின்று சொன்னார்: “பள்ளிவாசல் சத்தம் சின்ன வயசிலிருந்து எனக்குப் பழக்கம், அது தூரத்திலிருந்து வரும், எழுப்பாது. உன் பெட்டி என் தலைமாட்டில் கத்துதும்மா.” ஊர் முழுவதற்கும் ஒலிக்கும் பாங்கைக் குறித்து ஒரு சொல்லும் குறை சொல்லாதவரை, யாருக்கும் தொந்தரவில்லாதது என்று நான் நம்பி வாங்கிய பொருள்தான் தூங்கவிடாமல் செய்திருக்கிறது. மன்னிப்புக் கேட்டு, அன்றே பெட்டியைச் சமையலறை ஜன்னலோரம் மாற்றினேன். அங்கே அலையும் தெளிவாகக் கிடைக்கிறது.

வாங்க நினைப்பவர்கள், குறிப்பாக வீட்டிலேயே தொழும் பெண்களும் முதியவர்களும், தயங்காமல் வாங்கலாம். மாற்று மின்கலத்துக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்; பொதுச் சுவரில் மாட்டாதீர்கள். இரவுநேரத்துக்கென ஒலியைத் தானாகக் குறைக்கும் வசதியும் காதில் செருகிக் கேட்க ஒரு துளையும் இதில் இல்லை; அடுத்த வடிவில் அவை இரண்டும் வந்தால் இந்தப் பழைய பெட்டியைக் கொடுத்துவிட்டு அதை வாங்குவேன்.