எர்டிகாவுக்கு வாங்கிய மேற்கூரை கேரியர்

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் புறப்பட்டால் ஏழு பேரும் பொங்கல் பானையும் ஒரே வண்டியில் ஏற வேண்டும். எங்கள் எர்டிகா காரிலோ மூன்றாம் வரிசை இருக்கையை நிமிர்த்திவிட்டால் பின்னால் மிஞ்சுவது 209 லிட்டர் இடம்தான். டிரெய்லர் இழுக்கும் கொக்கியைப் பற்றியும் யோசித்தோம். ஆண்டுக்கு நான்கு பயணத்துக்காக டிரெய்லர் வாங்கி, அதை நிறுத்தத் தெருவில் இடம் தேடுவது வீண் வேலை என்று விட்டுவிட்டு, கூரைமேல் சாமான் ஏற்றும் கேரியரே போதும் என்று முடிவெடுத்தோம்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் முதலில் போன கடையில் கூரையைத் துளையிட்டு போல்ட் போடச் சொன்னார்கள். ஐப்பசி மழையில் ஒழுகுமே என்று மறுத்து, கதவுச் சட்டத்தைக் கவ்வும் கிளாம்ப் வகையை வேறொரு கடையில் வாங்கினோம். கிளாம்பின் அடியில் உள்ள ரப்பர் சற்று விலகினாலும் பெயின்ட் உரிந்துவிடும். எங்கள் வண்டியின் இடப்பக்கத்தில் விரல் நீளக் கீறல் விழுந்த பிறகே அதைக் கவனித்தோம்.

ஆடியில் முப்பந்தல் வழியாக நாகர்கோவிலுக்குப் போனபோது காலி கேரியர் ஊளையிட்டது. அம்மியே பறக்கும் காற்றில் வேறென்ன எதிர்பார்ப்பது? தேவையில்லாத நாட்களில் கழற்றி வைத்துவிடுகிறோம்; பத்து நிமிட வேலைதான். பித்தளைப் பாத்திரங்களைக் காலடியிலும், பாய், போர்வை போன்றவற்றை மேலேயும் வைக்கிறோம். கூரை தாங்கும் எடைக் கணக்கில் கேரியரின் சொந்த எடையும் அடங்கும் என்பதை இரு கடைக்காரர்களுமே சொல்லவில்லை.