மணலில் நடையா, தார்ச்சாலையில் நடையா?

ராமநாதபுரம் மாவட்டத்து அரியமான் கடற்கரையின் உலர்மணலில் நடக்கையில் ஒவ்வோர் அடியிலும் பாதம் புதைந்து மணல் பின்னோக்கிச் சரிவதால், தசைகளின் உழைப்பில் ஒரு பகுதி மணலைத் தள்ளுவதிலேயே செலவாகிறது. கெட்டித்தரையில் அதே வேகத்தில் நடப்பதைவிட இதற்கு 2.1 முதல் 2.7 மடங்கு ஆற்றல் தேவைப்படுவதாக 1998இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. கணுக்காலுக்கும் கெண்டைக்கால் தசைக்கும் பளு அதிகம்.

தனுஷ்கோடியின் கடைக்கோடியான அரிச்சல்முனைக்குச் செல்லும் தார்ச்சாலையோ சீரான வேகத்துக்கு இடம் தருகிறது. உலக சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்த, வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடற்பயிற்சியைத் தடுமாறாமல் நிறைவு செய்ய, முதியவர்களுக்கு இதுவே ஏற்றது என்பேன்.

சர்க்கரை நோயால் பாத உணர்வு குன்றியவர்களுக்குச் சிப்பி கீறினாலும் தெரியாது என்பதால், அவர்கள் வெறுங்காலுடன் மணலில் இறங்கவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மற்றவர்கள் அலை நனைத்த ஈரமணலில் தொடங்கி, கால் பழகியபின் உலர்மணலுக்கு மாறலாம்.