வெளிப் பங்காளியா, ஊழியர் டிரஸ்டா? தென்னாப்பிரிக்காவில் பி.இ.இ. பங்கு கொடுக்க இரண்டு வழிகள்

ஆண்டு விற்பனை 5 கோடி ராண்டைத் தாண்டிவிட்டால் தென்னாப்பிரிக்காவில் கறுப்பின பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தை, அதாவது பி.இ.இ.யை, முழு அளவில் சந்தித்தே ஆக வேண்டும். தனியார் நிறுவனம் கறுப்பினத்தவருக்குப் பங்கு கொடுக்காவிட்டால் யாரும் அபராதம் போடப் போவதில்லை. ஆனால் நம்மிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனி முதலில் கேட்பது, பி.இ.இ. மதிப்பெண்ணை வைத்து 1 முதல் 8 வரை தரம் பிரிக்கும் லெவல் சான்றிதழைத்தான். நாம் லெவல் 4 என்றால் நம்மிடம் அவர்கள் செலவழிக்கும் 100 ராண்டு அவர்களுடைய பி.இ.இ. கொள்முதல் கணக்கில் 100 ஆகவே ஏறும், லெவல் 1 என்றால் 135, லெவல் 8 என்றால் வெறும் 10. விலை, தரம் எல்லாம் சரியாக இருந்தும் ஆர்டர் பக்கத்துக் கம்பெனிக்குப் போவது இப்படித்தான்.

நான் டர்பனில் ஒரு நடுத்தர பேக்கேஜிங் நிறுவனத்தில் கணக்குப் பிரிவைப் பார்க்கிறேன். உரிமையாளர்கள் வெள்ளையர் குடும்பம். கால் பங்குக்குக் கொஞ்சம் மேலே கைமாற்ற வேண்டும் என்று முடிவான பிறகு, அதை யாரிடம் கொடுப்பது என்ற கேள்வியில்தான் வெகுநாள் இழுத்தது. கடைசியில், ஊழியர்களுக்காகப் பங்கை வைத்திருக்கும் ஊழியர் டிரஸ்ட் பக்கம் போனோம். என் ஓட்டும் அதற்குத்தான், அதனால் இந்த அலசல் நடுநிலையானது என்று சொல்ல மாட்டேன்.

(இங்கே ஒரு வேடிக்கை: இந்தச் சட்டத்தின் கணக்கில் இந்திய வம்சாவளிக் குடிமக்களும் கறுப்பினத்தவர்தான். நான்கு தலைமுறையாக சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துக்காரர் எங்கள் பங்கை வாங்கியிருந்தால் முழு மதிப்பெண். வேலை விசாவில் வந்த எனக்குப் பூஜ்யம்.)

மற்ற வழிகளைச் சீக்கிரம் தாண்டிவிடலாம். பங்கு கொடுக்காமல் பயிற்சி, சப்ளையர் மேம்பாடு என்று மற்ற தலைப்புகளில் மதிப்பெண் சேர்க்கலாம், ஆனால் பங்குரிமை முன்னுரிமைத் தலைப்புகளில் ஒன்று. அதில் குறைந்தபட்சத்தைத் தொடாவிட்டால் ஒரு லெவல் கீழே தள்ளிவிடுவார்கள். பன்னாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் பங்குக்குப் பதில் முதலீட்டுத் திட்டம் காட்டும் சலுகை உண்டு, அது நமக்கு இல்லை. பெயருக்கு ஒருவரை உட்கார வைப்பது 2013 திருத்தத்துக்குப் பிறகு கிரிமினல் குற்றம், 10 ஆண்டு வரை சிறை. அந்தப் பேச்சே வேண்டாம்.

சரி, வெளிப் பங்காளி. இதுதான் பழைய வழி. 1993-ல் காப்பீட்டு நிறுவனமான சான்லாம், மெட்ரோபாலிட்டன் லைஃப் நிறுவனத்தின் 10 சதவீதப் பங்கைக் கறுப்பினக் கூட்டமைப்புக்கு விற்றதிலிருந்து தொடங்குகிறது. இதன் நல்ல பக்கம் வெளிப்படை. வாரியத்தில் தொழில் தெரிந்த ஒருவர் உட்காருவார், நமக்குத் திறக்காத கதவு அவருக்குத் திறக்கும். அரசு ஒப்பந்தம், சுரங்கம் போன்ற தொழில்களில் இது பெரிய விஷயமாக இருக்கலாம். நாங்கள் இருப்பது அப்படிப்பட்ட தொழில் இல்லை என்பதால் அதன் எடையை என்னால் சரியாகச் சொல்ல முடியாது.

சிக்கல் பணத்தில். நிறவெறி ஆட்சிக் காலம் முழுக்கச் சொத்து சேர்க்க விடாமல் வைக்கப்பட்டவர்களிடம் கால் கம்பெனி வாங்கப் பணம் எங்கிருந்து வரும்? கடன்தான். பங்காளி ஒரு தனி நிறுவனம் தொடங்குவார், வங்கி அதற்குக் கடன் மாதிரியான முன்னுரிமைப் பங்கு வழியாகப் பணம் தரும், அவர் வாங்கிய நம் கம்பெனிப் பங்கின் டிவிடெண்டில்தான் கடன் அடைபட வேண்டும். கடன் அவர் புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் தவணை நம் கல்லாவிலிருந்து போகிறது. புது மெஷின் வாங்க வேண்டிய வருடத்திலும் டிவிடெண்டை நிறுத்த முடியாது, நிறுத்தினால் பங்காளி வங்கியிடம் மாட்டுவார். பி.இ.இ. பங்கு கொடுத்த கம்பெனியின் லாபம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று நடக்கும் வாதங்களில் இரண்டு பக்கமும் ஆய்வுகளைக் காட்டுகிறார்கள். எனக்கென்னவோ பங்கை யார் வைத்திருக்கிறார் என்பதைவிட எந்தக் கடனில் வாங்கினார் என்பதுதான் லாபத்தைத் தொடுகிறது என்று படுகிறது. 1998-ல் சந்தை விழுந்தபோது முதல் அலை ஒப்பந்தங்கள் பல சரிந்தது இப்படிக் கடனில் கட்டப்பட்டிருந்ததால்தான்.

பெரிய கம்பெனிகள் கறுப்பினப் பொதுமக்களுக்கு விற்ற திட்டங்களிலும் அதே கதை. எரிபொருள், ரசாயன நிறுவனமான சாசோல் 2008-ல் இன்சாலோ என்று தொடங்கியது. 10 ஆண்டு முடிந்து கடன் கணக்கைத் தீர்த்தபோது பணம் போட்டவர்கள் கையில் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை, கன்யிசா என்று புதுத் திட்டம் போட வேண்டியிருந்தது. செல்போன் நிறுவனமான எம்.டி.என். 2010-ல் பங்கு 20 ராண்டுக்கு விற்ற சகேலே திட்டம் நல்ல லாபத்தோடு 2016-ல் முடிந்தது. அதே 20 ராண்டுக்கு அடுத்து வந்த சகேலே ஃபூத்தி பல காலம் வாங்கிய விலைக்குக் கீழேயே கிடந்தது. ஒரே கம்பெனி, கிட்டத்தட்ட ஒரே அமைப்பு, நுழைந்த நேரம் மட்டும் வேறு.

எங்களை முடிவு பண்ண வைத்தது இதற்கு அடுத்த விஷயம்: பங்காளி வெளியேறும் நாள். பங்கை விற்கக் கூடாத லாக்-இன் காலம் முடிந்ததும் அவர் விற்கத்தான் நினைப்பார், அதில் தப்பே இல்லை, முதலீடு செய்தவர் லாபம் எடுக்கத்தானே வேண்டும். ஆனால் விதிப்படி இன்னொரு கறுப்பினத்தவருக்கு விற்றால்தான் நம் மதிப்பெண் நிற்கும். பட்டியலிடாத ஒரு கம்பெனியின் கால் பங்கை வாங்க எத்தனை பேர் காத்திருப்பார்கள்? வாங்குபவர் குறைவு என்றால் விலையும் குறையும், பங்காளி அந்த வருத்தத்தோடு நம் மேஜைக்கு வருவார். நாமே திருப்பி வாங்கலாம், ஆனால் பணம் புரட்டியதோடு தீராது, மறுநாளே இன்னொரு பங்காளியைத் தேட வேண்டும், அவருக்கும் கடன், அவருக்கும் பங்கு விலையில் தள்ளுபடி. விற்றுவிட்டுப் போன பிறகும் பழைய பங்குக்குக் கொஞ்சம் மதிப்பெண் தொடர ஒரு விதி இருக்கிறது. குறைந்தது 3 வருடம் வைத்திருந்திருக்க வேண்டும், அவர் கையில் உண்மையான மதிப்பு சேர்ந்திருக்க வேண்டும், அப்போதும் பங்குரிமை மதிப்பெண்ணில் 40 சதவீதத்துக்கு மேல் கிடையாது.

உரிமையாளர் குடும்பத்தார் ஒருநாள் கம்பெனியையே விற்க நினைத்தாலும் இதே கேள்வி வரும். 2021-ல் பர்கர் கிங்கின் தென்னாப்பிரிக்கக் கிளையை ஒரு முதலீட்டு நிறுவனம் வாங்கப் போனபோது போட்டி ஆணையம் தடுத்தது. காரணம், முன்பு ஒடுக்கப்பட்டவர்களின் பங்கு 68 சதவீதத்திலிருந்து பூஜ்யத்துக்கு இறங்குகிறது என்பதுதான். பிறகு நிபந்தனைகளோடு அனுமதித்தார்கள், அந்த நிபந்தனைகளில் ஒன்று ஊழியர்களுக்கு 5 சதவீதப் பங்கு. பெப்சி பயனியர் ஃபுட்ஸை வாங்கியபோதும், ஹைனெக்கன் டிஸ்டெல்லை வாங்கியபோதும் ஊழியர் பங்குத் திட்டம் கூடவே வந்தது. விற்கும் நாளில் எப்படியும் அங்கேதான் போய் நிற்கப் போகிறோம் என்றால் இன்றைக்கே அதை வைத்துக்கொண்டால் என்ன என்று உரிமையாளரிடம் கேட்டேன், அவருக்கு அந்த வாதம் பிடித்துப்போனது.

காலக்கெடு இல்லாத ஊழியர் டிரஸ்ட்டில் இந்த வெளியேறும் நாள் கிடையாது. பங்கு நிரந்தரமாக டிரஸ்ட்டிடம் இருக்கும். வேலையில் இருக்கும்வரை தொழிலாளிக்கு யூனிட், டிவிடெண்டில் பங்கு, வேலையை விட்டால் யூனிட் டிரஸ்ட்டுக்கே திரும்பும். 2022-ல் சூப்பர்மார்க்கெட் நிறுவனமான ஷாப்ரைட் கொண்டு வந்த 890 கோடி ராண்ட் ஊழியர் டிரஸ்ட்டும் காலக்கெடு இல்லாததுதான். கடனையும் வங்கியிடம் வாங்கத் தேவையில்லை, கம்பெனியே கணக்கில் மட்டும் கடன் எழுதிக்கொள்ளலாம். டிவிடெண்டின் பெரும்பகுதி அதில் கழியும், ஒரு சிறு பகுதி முதல் வருடத்திலிருந்தே தொழிலாளி கைக்குப் போகும். லாபம் குறைந்த வருடத்தில் டிவிடெண்டைக் குறைத்தால் யாரும் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்கள். ஆனால் அந்தக் கணக்குக் கடன் மெதுவாகக் கழிந்தால் பங்கின் நிகர மதிப்புக்கான மதிப்பெண்ணும் மெதுவாகத்தான் ஏறும், இதைக் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும்.

கணக்குப் பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று. எந்த வழியில் போனாலும் தள்ளுபடியில் கொடுத்த மதிப்பை ஐ.எஃப்.ஆர்.எஸ். 2 என்ற சர்வதேசக் கணக்கு விதிப்படி செலவாக எழுத வேண்டும், ஒப்பந்தத்தைப் பொறுத்து மொத்தமும் ஒரே வருடத்தில் விழலாம். அந்த வருட லாபம் படுத்துவிட்டதுபோல் தெரியும், உண்மையில் ஒரு ராண்டுகூட வெளியே போயிருக்காது. பி.இ.இ. லாபத்தைத் தின்றுவிட்டது என்று யாராவது வரைபடம் காட்டினால் இந்த வரியைக் கழித்துவிட்டுப் பாருங்கள்.

குறை இல்லாமல் இல்லை. டிரஸ்ட் எந்தப் புது வாடிக்கையாளரையும் கூட்டி வராது. டிரஸ்டி தேர்தலில் யூனியன் அரசியல் நுழையும். கூம்பா இரும்புச் சுரங்கத்தின் ஊழியர் திட்டம் 2011-ல் முடிந்தபோது ஒவ்வொருவருக்கும் வரிக்கு முன் ஐந்து லட்சம் ராண்டுக்கு மேல் கிடைத்தது, அந்தக் கதை இங்கே எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஆட்கள் அதைச் சொல்லித்தான் கேட்கிறார்கள், நமக்கு மொத்தத் தொகை எப்போது என்று. காலக்கெடு இல்லாத டிரஸ்ட்டில் அப்படி ஒரு தொகை வராது என்று விளக்கினால் முகம் சுருங்குகிறது. அதிலும் ஓய்வு பெற ஒன்றிரண்டு வருடமே இருப்பவர்களுக்கு இது நியாயமாகப் படவில்லை, எனக்கும் அவர்களிடம் சொல்லப் பெரிய பதில் இல்லை. ஓய்வு பெறுபவருக்கு மட்டும் சில வருடம் டிவிடெண்ட் தொடரலாமா என்று டிரஸ்ட் பத்திரத்தை மறுபடி வக்கீலிடம் கொடுத்திருக்கிறோம்.