தாஹோவுக்கு எது சரி: ஜிப்சமா, ஜி.டி.எல்.லா, கடை டோஃபுவா?

பிலிப்பைன்ஸில் விடிந்தும் விடியாமலும் தெருவில் "தாஹோ…ஓ" என்று இழுத்துக் கூவிக்கொண்டு வருவார்கள். தோளில் ஒரு கழி, அதன் இரு முனைகளிலும் அலுமினிய வாளிகள். ஒன்றில் சூடான, மிருதுவான சோயா டோஃபு. இன்னொன்றில் அர்னிபால் என்கிற பழுப்புச் சர்க்கரைப் பாகும், ஜவ்வரிசி போன்ற சாகோ முத்துகளும். மூன்றையும் ஒரு கோப்பையில் சேர்த்துக் கொடுத்தால் அதுதான் தாஹோ.

இதை வீட்டில் செய்யும்போது பாகும் சாகோவும் யாருக்கும் பிரச்சினை தருவதில்லை. டோஃபுவை எதைக் கொண்டு உறைய வைப்பது என்பதில்தான் ஆளுக்கு ஒரு கட்சி. மணிலாவுக்கு வேலைக்கு வந்த பிறகு எல்லா வழிகளிலும் செய்து பார்த்துவிட்டு, நான் ஜி.டி.எல். என்ற, பாலை மெல்லப் புளிக்க வைத்து உறைய வைக்கும் பொடியில் நிலைத்துவிட்டேன். அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். இன்னொரு உறைபொடியான ஜிப்சம் எங்கே மேல் என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் சட்டென்று தள்ளிவிடக்கூடியவை. ஜெலட்டின் வேண்டவே வேண்டாம். உடம்புச் சூட்டிலேயே உருகிவிடும் பொருளைச் சூடாகப் பரிமாறும் இனிப்பில் போட முடியாது. அகர் அகர், இங்கே குலாமன் என்று விற்பது, சூட்டைத் தாங்கும். 85 டிகிரி வரை உருகாது. ஆனால் அதில் வருவது ஜெல்லி. பல்லில் பட்டதும் துண்டு துண்டாக உடையும். தாஹோ அப்படி உடையக் கூடாது, நாக்கில் வழுக்கிக்கொண்டு போக வேண்டும்.

அடுத்தது கடையில் பெட்டியில் கிடைக்கும் சில்க்கன் டோஃபு. இதை நான் குறை சொல்ல மாட்டேன். அலுவலகம் கிளம்பும் அவசரத்தில் இதுதான் கைகொடுக்கும். பெட்டியிலிருந்து தட்டில் கவிழ்த்து, பத்து நிமிடம் ஆவியில் வைத்து, தட்டில் சேரும் தண்ணீரை வடித்துவிட்டுப் பாகு ஊற்றினால் போதும். வாங்கும்போது முட்டை டோஃபு இல்லையே என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், உறை ஒரே மாதிரி இருக்கும். ஆனால் புதிதாக அரைத்துக் காய்ச்சிய பாலிலிருந்து அப்போதே உறைந்த டோஃபுவில் இருக்கும் அந்தச் சோயா மணம் இதில் வராது. அந்த மணத்துக்காகத்தான் மற்ற இரண்டு வழிகளும்.

இரண்டுக்கும் பால் ஒன்றுதான். 250 கிராம் சோயா பீன்ஸை இரவு ஊற வையுங்கள். மணிலா வெக்கையில் வெளியே வைத்தால் புளித்துவிடும், ஃபிரிட்ஜில் வைப்பது நல்லது. ஒன்றரை லிட்டர் தண்ணீர் சேர்த்து நைசாக அரைத்து, துணியில் இறுக்கிப் பிழிந்தால் சுமார் ஒன்றே கால் லிட்டர் பால் கிடைக்கும். இதை அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே, கொதி வந்த பிறகு பத்து நிமிடம் காய்ச்ச வேண்டும். கொதிக்கும் முன்பே நுரை பொங்கி ஏமாற்றும், அதைப் பார்த்து அடுப்பை அணைத்துவிடாதீர்கள். சரியாக வேகாத சோயா வயிற்றுக்கு ஆகாது. பிழிந்த சக்கையை அடை மாவில் கலந்து சுட்டால் வீணாகாது.

அட்டைப் பெட்டிச் சோயா பாலில் செய்யலாமா என்று கேட்பவர்கள் உண்டு. பெரும்பாலும் அவை நீர்த்திருக்கும். சர்க்கரை, கால்சியம், கெட்டிப்படுத்தும் பசை என்று ஏதாவது சேர்த்திருப்பார்கள். உறையில் சோயாவும் தண்ணீரும் மட்டும் எழுதியிருந்தால் முயலலாம். நான் அரைத்த பாலைத்தான் நம்புகிறேன்.

இப்போது ஜிப்சம். கால்சியம் சல்ஃபேட். சீனர்கள் தலைமுறை தலைமுறையாகச் சோயா பாலை உறைய வைத்து வந்த பொருள் இது. தாஹோவே ஃபூஜியன் பக்கத்துச் சீனர்கள் கொண்டுவந்த பண்டம்தான். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்களுக்குத் தெரிந்த தௌ ஃபூ ஃபா இதற்கு நெருங்கிய சொந்தம். மணிலாவின் பினொண்டோ, 1594-இல் உருவான சீனர் பேட்டை. அங்கே சீன மளிகைக் கடைகளில் சமையலுக்கான ஜிப்சம் கேட்டு வாங்கலாம். சமையலுக்கானது என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். கட்டட வேலைக்கும் சிலை வார்க்கவும் விற்பதைத் தொடவே கூடாது.

ஜிப்சத்தின் பெரிய பலம் சுவை. அது பாலில் புளிப்பையோ கசப்பையோ சேர்க்காது, சோயாவின் இயற்கையான இனிப்பு அப்படியே நிற்கும். பொடியும் கெட்டுப்போகாது, டப்பாவில் போட்டு மறந்துவிடலாம்.

ஆனால் கை வேகம் கேட்கும். ஜிப்சம் தண்ணீரில் சரியாகக் கரையாது. ஒரு லிட்டர் பாலுக்கு ஒரு டீஸ்பூன் ஜிப்சம், ஒரு மேசைக்கரண்டி சோள மாவு, கால் கப் தண்ணீர் என்று கலக்கி வைத்தால், நீங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் பொடி அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். ஊற்றுவதற்கு முன் மறுபடி கலக்கி, பாத்திரத்தில் விட்டு, 85 டிகிரியில் இருக்கும் பாலைக் கொஞ்சம் உயரத்திலிருந்து ஒரே வீச்சில் கொட்ட வேண்டும். அந்த வீச்சுதான் கலக்கும் வேலையைச் செய்கிறது. அதற்குப் பிறகு கரண்டி போடக் கூடாது, பாத்திரத்தை நகர்த்தக் கூடாது. மூடிக்கு அடியில் துணி கட்டினால் ஆவி நீர் சொட்டாது. இருபது நிமிடத்தில் உறைந்துவிடும்.

இதெல்லாம் பழகிவிடும். நான் ஜிப்சத்தை விட்டதற்குக் காரணம் இந்தக் கஷ்டம் இல்லை. தண்ணீர்.

தாஹோக்காரர் கோப்பை நிரப்புவதைக் கவனித்திருந்தால் நான் சொல்வது உடனே புரியும். "குயா (அண்ணா), ஒன்று" என்று நாம் கேட்டதும் அவர் நேராக அள்ள மாட்டார். தட்டையான அகலக் கரண்டியால் முதலில் மேலே நிற்கும் தண்ணீரை வழித்துத் தரையில் வீசுவார். அப்புறம்தான் அதே கரண்டியைப் படுக்கையாகச் செருகி, டோஃபுவை மெல்லிய ஏடாக எடுத்துக் கோப்பையில் சரிப்பார். ஏடு மேல் ஏடு. பிறகு நீளக் காம்புக் கரண்டி பாகு வாளிக்குள் போகும். டோஃபுவை ஒவ்வொரு முறை வெட்டும்போதும் புதிதாக ஒரு முகம் திறக்கிறது. அந்த முகத்திலிருந்து தண்ணீர் கசிகிறது. அடுத்த கோப்பைக்கும் அவர் மறுபடி வழித்து வீசத்தான் வேண்டும்.

அவர் வாளி முழுக்க வைத்திருக்கிறார், வீசினாலும் நஷ்டமில்லை. வாங்குகிறவரும் நின்ற இடத்திலேயே குடித்துவிடுவார். வீட்டில் கதை வேறு. நாம் செய்வது ஒரு சின்னப் பாத்திரம். ஒருவர் இப்போது சாப்பிடுவார், இன்னொருவர் குளித்துவிட்டு வருவார். முதல் கோப்பை அருமையாக இருக்கும். அரை மணி கழித்து எடுக்கும் கோப்பையில் அர்னிபால் மேலே நீர்த்துப்போய்த் தேநீர் நிறத்தில் நிற்கும். தாஹோவில் இனிப்பு முழுக்கப் பாகில்தான் இருக்கிறது, டோஃபுவில் சர்க்கரையே கிடையாது. பாகு நீர்த்தால் இனிப்பே போய்விட்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்சம் பாகு ஊற்றினால் கோப்பையில் திரவம்தான் கூடும்.

பாலைக் கெட்டியாக எடுத்தால் ஜிப்சத்திலும் கசிவு குறையும், அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதே பாலை இரண்டாகப் பிரித்து, ஒன்றை ஜிப்சத்திலும் மற்றதை ஜி.டி.எல்.லிலும் உறைய வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், என் சமையலறையில் எப்போதும் ஜிப்சம் கிண்ணத்தில்தான் தண்ணீர் அதிகம் நிற்கிறது.

ஜி.டி.எல். என்பது குளூக்கோனோ டெல்டா லாக்டோன். சர்க்கரை போல இருக்கும் வெள்ளைத் தூள், பேக்கரிச் சாமான் விற்பவர்களிடமும் ஆன்லைனிலும் கிடைக்கும். தண்ணீரில் முழுசாகக் கரையும். கரைந்த பிறகு மெதுவாக குளூக்கோனிக் அமிலமாக மாறும், சூடு ஏற ஏற வேகம் பிடிக்கும். புளிப்பு பால் முழுக்க ஒரே சீராகப் பரவி நிதானமாக ஏறுவதால், டோஃபுவின் வலை நெருக்கமாக, ஒரே மாதிரி அமைகிறது. தண்ணீரை அது பிடித்து வைத்துக்கொள்கிறது. தயிருக்கு உறை ஊற்றி அசையாமல் விடுவது போலத்தான் இதன் குணமும். அவசரப்படுத்தினால் திரியும், விட்டுவிட்டால் கத்தியால் வெட்டலாம்.

அளவு: ஒரு லிட்டர் பாலுக்கு 3 கிராம். டீஸ்பூனில் முக்கால் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் சின்ன எடைத் தராசு இருந்தால் நல்லது. சுடுபாலில் செய்வதானால் ஜிப்சம் போலவே: இரண்டு கரண்டி தண்ணீரில் பொடியைக் கரைத்த உடனே, காத்திருக்காமல், 85 டிகிரிப் பாலை மேலே ஊற்றி மூடிவிட வேண்டும்.

எனக்குப் பிடித்தது இன்னொரு வழி. இதற்காகவே நான் ஜி.டி.எல். பக்கம். காய்ச்சிய பாலை ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிர வையுங்கள். குளிர்ந்த பாலில் கரைத்த பொடியைக் கலந்து, நேராகக் கோப்பைகளில் ஊற்றி, வாயை ஃபாயிலால் மூடி, இட்லிப் பானையில் மெல்லிய ஆவியில் இருபது, இருபத்தைந்து நிமிடம் வையுங்கள். பெட்டி டோஃபு தயாராவதும் இந்த முறையில்தான்: குளிர்ந்த பாலில் பொடி கலந்து, பெட்டியில் அடைத்து, அப்புறம் சூடாக்குவார்கள். வீசிக் கொட்டும் பதற்றம் இல்லை. ஆவி மட்டும் கடுமையாக இருக்கக் கூடாது, டோஃபுவில் ஓட்டை ஓட்டையாக விழுந்துவிடும். ஜிப்சத்தை இப்படிச் செய்தால் பால் சூடேறுவதற்குள் பொடி கோப்பையின் அடியில் போய் உட்கார்ந்துவிடும்.

கோப்பையிலேயே உறைவதால் வெட்டாத டோஃபு அப்படியே இருக்கிறது, கசிவு மிகக் குறைவு. சாப்பிடும் நேரத்தில்தான் கரண்டி இறங்குகிறது. மிச்சக் கோப்பைகள் ஃபிரிட்ஜில் இருந்தால் மறுநாள் காலை திரும்ப ஆவியில் வைத்துச் சூடாக்கலாம், உருகாது. மேலே ஒரு ஸ்பூன் தண்ணீர் நிற்கும், சாய்த்துக் கொட்டிவிட்டுப் பாகு ஊற்ற வேண்டியதுதான். தெருத் தாஹோவின் அந்த ஏடு ஏடான அழகு இதில் வராது என்பது உண்மை. அதுதான் வேண்டுமென்றால் சுடுபாலில் பாத்திரத்தில் உறைய வைத்து, தட்டைக் கரண்டியால் வழித்தெடுங்கள்.

ஜி.டி.எல்.லில் இரண்டு குறைகள். ஒன்று, புளிப்பு. 3 கிராமில் அர்னிபாலுக்கு அடியில் அது தெரியாது, 4 கிராம் தாண்டினால் நாக்கின் ஓரத்தில் பிடிபடும். பாகியோ மலை நகரில் அர்னிபாலுக்குப் பதில் ஸ்ட்ராபெரிப் பாகு ஊற்றித் தருவார்கள், பக்கத்திலேயே லா திரினிதாத்தில் ஸ்ட்ராபெரி விளைகிறது. அந்தப் பாகு ஏற்கெனவே புளிப்பு என்பதால் அதற்கு ஜிப்சம்தான் பொருத்தம் என்று நினைக்கிறேன். வீட்டில் நான் அதை அதிகம் செய்ததில்லை, அடித்துச் சொல்ல மாட்டேன். இரண்டு பொடியையும் கலந்து போடுகிறவர்களும் உண்டு. அதிலும் எனக்கு அனுபவம் குறைவு.

இரண்டாவது, பொடி ஈரம் இழுக்கும். மழைக்காலத்தில் மூடி சரியாக மூடாத பொடி கட்டி தட்டி, டப்பாவுக்குள்ளேயே அமிலமாக மாறத் தொடங்கும். அப்புறம் அளவு பிடிபடாது, ஊற்றிய உடனே பால் திரியும். சின்னப் பொட்டலமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள்.

எந்தப் பொடியில் உறைய வைத்தாலும் பாகைக் கொஞ்சம் கெட்டியாகவே காய்ச்சுங்கள். ஒரு கப் பழுப்புச் சர்க்கரைக்கு அரை கப் தண்ணீர் போதும். நீக்ரோஸ் தீவின் மஸ்கொவாடோ சர்க்கரை கிடைத்தால் நல்லது, இல்லையென்றால் நாட்டுச் சர்க்கரை அதற்கு மிக நெருக்கம். பாண்டான் இலை, இலங்கையில் ரம்பை என்பது, ஒன்றை முடிச்சுப் போட்டுக் கொதியில் விடுங்கள். சாகோவுக்குச் சேலத்து ஜவ்வரிசியே தாராளம். இங்கே கடைகளில் சாகோ என்று கிடைப்பதும் பெரும்பாலும் மரவள்ளி மாவில் செய்ததுதான். கிச்சடிக்கு ஊற வைப்பது போல ஊற வைக்காமல், நிறையத் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போடுங்கள். நடுவில் வெள்ளைப் புள்ளி சின்னதாக இருக்கும்போதே அடுப்பை அணைத்து மூடிவிட்டால், புள்ளி தானாக மறையும். பிறகு குளிர்ந்த நீரில் அலசி, ஒட்டாமல் இருக்கக் கொஞ்சம் பாகில் போட்டு வைக்கலாம்.