எலும்புப் படை: உலோகமா, பிளாஸ்டிக்கா?

மேசைமேல் சிறு பொம்மைகளை வைத்து ஆடும் போர் விளையாட்டுக்கு எலும்புக்கூட்டு வீரர்கள் வேண்டுமா? முப்பது, நாற்பது பேர் கொண்ட படை என்றால் பிளாஸ்டிக்தான். விலை குறைவு, தலையையும் கையையும் மாற்றி ஒட்டலாம். பிளாஸ்டிக் சிமென்ட் என்ற பசை பரப்பைக் கரைத்தே இணைப்பதால் பிடிப்பும் உறுதி. உலோகத்துக்கு சூப்பர் க்ளூ வேண்டும். கனமான கை என்றால் துளையிட்டுக் கம்பியும் செருக வேண்டும்.

ஆனாலும் படைத்தலைவனுக்கு நான் உலோகத்தைத்தான் எடுப்பேன். கையில் வைத்தால் தெரியும் அந்த கனமே தனி. பழைய பொம்மை வாங்கும்போது மண்டையோட்டின் குறுக்கே அச்சுக்கோடு (வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் விழும் தடம்) ஓடுகிறதா, கணுக்கால் விரிசல் விட்டிருக்கிறதா என்று பாருங்கள். வளைந்த ஈட்டியை ஒருமுறை மெதுவாக நிமிர்த்தலாம். திரும்பத் திரும்ப வளைத்தால் முறிந்துவிடும். முந்தைய உரிமையாளர் அப்பிய பெயின்ட்டைப் பற்றிக் கவலை வேண்டாம், அசிட்டோனில் ஊறவைத்தால் போய்விடும். பிளாஸ்டிக்கை அதில் போட்டால் வீரனே கரைந்துவிடுவான்!

எலும்பு நிறத்துக்கு இரண்டிலும் ஒரே வழி: வெளிர் பழுப்பு அடித்து, பள்ளங்களில் இறங்க நீர்த்த அடர்பழுப்பு விட்டு, காய்ந்ததும் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் தந்த நிறத்தை மேடுகளில் தேய்க்க வேண்டும். உலோகத்தில் பெயின்ட் சீக்கிரம் உரியும், அதனால் ப்ரைமரும் வார்னிஷும் கட்டாயம். அப்புறம், பழைய வார்ப்புகளில் ஈயம் இருக்கலாம். அரம் போட்டபின் கையைக் கழுவுங்கள்.