ஆடிக் காற்றுக்கு நாலு வருஷம் தாங்கிய கண்ணாடித் திரைகள்

எங்கள் வீடு பொள்ளாச்சிக்குத் தெற்கே, தென்னந்தோப்புக்குள் மேற்குப் பார்த்த வீடு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று கிளம்பிவிட்டால், ஆடி முடியும்வரை சாரலையும் நார் மில் தூளையும் திண்ணையில் கொண்டுவந்து கொட்டும். தார்ப்பாய் கட்டலாம் என்றால், "அதைக் கட்டினா வாசல்ல ஆரு வாராங்கன்னு தெரியாது கண்ணு" என்று அம்மிச்சி (பாட்டி) சொல்லிவிட்டார். அதனால் 2021-இல் அரை மில்லிமீட்டர் கனத்தில், கண்ணாடி மாதிரி ஊடே தெரியும் பிவிசி பிளாஸ்டிக்கில் நாலு திரை தைத்து மாட்டினோம். ஓரமெல்லாம் கேன்வாஸ், பித்தளை ரிங், நடுவில் ஜிப். மூன்று இன்னும் தெளிவாக இருக்கின்றன. ஒன்று என் கையாலேயே கெட்டது.

முதல் வருஷம் தூசி தெரிந்தபோதெல்லாம் காய்ந்த துணியால் துடைத்தேன். சாயங்கால வெயில் பட்டதும் பார்த்தால், திரை முழுக்கச் சிலந்தி வலை மாதிரிக் கீறல். தூசியை அழுத்தித் தேய்ப்பதும் உப்புத்தாளால் தேய்ப்பதும் ஒன்றுதான். இப்போது ஹோஸில் தண்ணீர் அடித்துத் தூசியை இறக்கிவிட்ட பிறகே கை வைக்கிறேன். ஒரு பக்கெட் தண்ணீருக்கு ஒரு ஸ்பூன் ஷாம்பு. துடைக்கத் திருப்பூர் பனியன் வேஸ்ட். அதில் தடித்த தையல் இருந்தால் வெட்டி எடுத்துவிடுவேன். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும், இல்லையென்றால் சோப்பு அப்படியே காய்ந்து திட்டாகிவிடும்.

போர் தண்ணீரில் அலசி விட்டுவிட்டால் வெள்ளை வெள்ளையாக உப்புப் புள்ளி நிற்கும். அதனால் கடைசி அலசலுக்கு மட்டும் பிடித்துவைத்த மழைத்தண்ணீர். ஏற்கெனவே படிந்த உப்புக்கு, ஒரு பங்கு வினிகரில் எட்டுப் பங்கு தண்ணீர் கலந்து ஒற்றி எடுத்தால் போய்விடுகிறது.

கெட்ட கதைக்கு வருகிறேன். கேட்டுக்குப் பெயின்ட் அடித்தபோது நாலைந்து துளி திரையில் தெறித்தது. தின்னரைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். ஒரு நிமிஷத்தில் அந்த இடம் பிசுபிசுத்தது, அப்புறம் புகை படிந்த மாதிரி ஆனது, திரும்பவே இல்லை. பிவிசியை இளக்கமாக வைத்திருக்கும் பொருளையே தின்னர் உறிஞ்சி எடுத்துவிடுகிறது. பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் திரைப் பக்கமே வரக்கூடாது.

ஈரத்தோடு சுருட்டினால் பால் மாதிரி வெளுக்கும். நன்றாகக் காயவிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும். ஆனால் ஐப்பசி மழையில் அப்படியே கிடந்தால் தையலில் கரும்பூஞ்சை ஏறிவிடும், அது லேசில் போகாது. கோடையில் வேறு தொல்லை. மத்தியான வெயிலில் சுருட்டிய திரை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நடுவில் பழைய வேட்டியை வைத்துச் சுருட்டுகிறேன். மடிக்கவே கூடாது, மடித்த கோடு நின்றுவிடும். திரை உரசும் இரும்பு பைப்பும் சூடேறி பழுப்புப் பட்டை விழவைத்தது. வெள்ளைப் பெயின்ட் அடித்து, காடாத்துணி சுற்றியபின் அது பரவவில்லை.

ஜிப்புக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், தூசியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். மெழுகுவர்த்தியை மேலும் கீழும் தேய்த்தால் போதும். மூன்றாம் வருஷம் வெயிலில் நூல் இற்றுப்போனது. டெய்லரிடம் பழைய ஊசி ஓட்டையிலேயே தைக்கச் சொன்னேன். புதிதாக ஒரு வரிசை ஓட்டை போட்டால் அந்தக் கோட்டிலேயே கிழிந்துவிடும்.

தின்னர் பட்ட திரையை வீசவில்லை. களத்தில் கொப்பரை காயும்போது திடீரென்று தூறல் விழுந்தால், ஓடிப்போய் மூடுவது அதைக்கொண்டுதான்.